துளை போட்டால் கோட்டிங் உதிருமா?

சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "சார், செம்பனைக் குலை ஏற்றுகிற பிக்கப். டர்போ டீசல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு செராமிக் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். அதில் துளை போட்டு வெப்பநிலை சென்சார் மாட்டச் சொல்கிறார் வண்டிக்காரர். கோட்டிங் உதிர்ந்துவிடாதா? அப்புறம், அந்த மீட்டர் காட்டுகிற எண்ணை நம்பலாமா?"

முதல் கேள்வி கைப்பக்குவம் பற்றியது. இரண்டாவதுதான் என்னை ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து எழுத வைத்தது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி. டர்போ என்பது அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் சக்கரம். செராமிக் கோட்டிங் என்பது பீங்கான் பூச்சு. இனி, சென்சார் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் மிதிக்க மிதிக்க டீசல் கூடும், டீசல் கூடினால் புகையின் சூடும் கூடும். பாரத்தோடு கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறிப் பாருங்கள், டர்போவுக்கு முன்னால் புகை 700 டிகிரியைத் தொட்டுவிடும். சுத்தமான அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டனோ அலுமினியக் கலவை. அடியில் எஞ்சின் ஆயில் தெறித்துக் குளிர வைப்பதாலும், ஒவ்வொரு சுற்றிலும் சூடான புகை அதைத் தொடுவது கொஞ்ச நேரமே என்பதாலும்தான் அது பிழைத்திருக்கிறது. ஏற்றம் நீண்டால் அந்தப் பிழைப்பும் ஆட்டம் காணும். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் அசைவதற்குள் பிஸ்டன் போய்விடும்.

எங்கள் ஊரில் ஒரு லோரியின் பிஸ்டன் அப்படித்தான் உருகியது. கண் பட்டுவிட்டது என்று சொல்லி, எஞ்சினை மறுபடி கட்டியதும் நாலு டயரிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். நானும் அம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான், வண்டிப் பூசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தைத் தேடாமல் பழத்தோடு நிறுத்திக்கொண்டதால், அதே லோரி அதே ஏற்றத்தில் இரண்டாம் முறையும் நின்றது. அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

சரி, துளைக்கு வருவோம். செராமிக் கோட்டிங் என்று சொல்வதில் பல வகை உண்டு. சில, பெயிண்ட் போல அடித்துச் சூளையில் சுட்டெடுக்கும் மெல்லிய படலம். சில, சிர்க்கோனியா என்ற பீங்கான் தூளை பிளாஸ்மாச் சுடரில் உருக்கித் தெளித்த தடித்த அடுக்கு. சுத்தமான சிர்க்கோனியா 1170 டிகிரிக்குப் பக்கத்தில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். ஆறும்போது பருமனும் மாறி, தானே வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் இட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடைக் கொஞ்சம் கலக்கிறார்கள். எந்த வகையானாலும் பீங்கானின் குணம் ஒன்றுதான்: அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரியும். டிரில் பிட்டின் உதடு அதன் ஓரத்தைக் கொக்கிபோல் பிடித்துத் தூக்கும்போது நடப்பது இழுப்பு. அங்கே விழும் கீறல் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் டிரில்லைத் தொடும் முன், சின்ன கிரைண்டர் கல்லை வைத்து, பத்து சென் காசு அகலத்துக்குக் கோட்டிங்கைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். முகமூடி கட்டாயம். சிர்க்கோனியா உங்கள் எச்.எஸ்.எஸ். (கருவி எஃகு) பிட்டைவிடக் கடினமானது. தேய்க்காமல் துளைத்தால் பிட்டும் மழுங்கும். அப்புறம் வெற்று இரும்பில் சென்டர் பஞ்சால் சின்னக் குழி அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்து, படிப்படியாகச் சுமார் 8.5 மில்லிமீட்டருக்குப் போங்கள். 1/8 இஞ்ச் குழாய்த் திருகுக்கு அது போதும். அந்தத் திருகு கூம்பு வடிவம், 16-க்கு 1 சரிவு. திருகு வெட்டும் டேப்பை ஒரேயடியாக இறக்கினால் துளை பெரிதாகி சென்சார் உள்ளே மூழ்கிவிடும். கொஞ்சம் திருகுவதும் போட்டுப் பார்ப்பதுமாகப் போக வேண்டும்.

வார்ப்பிரும்பாக இருந்தால் சீவல் சுருளாக வராது, கறுப்பு ரவையாகக் கொட்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் பென்சில் தூள் போல வழுக்கும், உள்ளே இருக்கும் கிராஃபைட்தான் அது. அந்த வழுக்கலாலேயே எண்ணெய் விடாமல் துளைக்கலாம்.

உள்பக்கமும் கோட்டிங் இருந்தால், பிட் வெளியேறும் கடைசி நொடியில் அதை உள்ளே தள்ளிச் சில்லாகப் பெயர்க்கும். அந்தச் சில்லு டர்போவின் சக்கரத்துக்குப் போனால் அவ்வளவுதான். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது. ஆகவே கடைசியில் கையைத் தளர்த்துங்கள். மேனிஃபோல்டைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். கிரீஸ் தடவி, எஞ்சினை ஓடவிட்டுத் துளைத்தால் தூள் வெளியே வந்துவிடும் என்பார்கள். வராத ஒரு துணுக்குக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். காந்தத்தை நம்பினாலும் அது பீங்கானை இழுக்காது.

எந்த இடத்தில் துளைப்பது? நாலு குழாயும் சேருமிடத்தில், சுவர் தடிப்பான பகுதியில். வளைவு வேண்டாம், வெல்டிங் பக்கமும் வேண்டாம். ஓரடி நீள வார்ப்பிரும்பு 650 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். அந்த இழுவை குவியும் இடத்தில் துளை போட்டால் விரிசலுக்கு வழி காட்டியது போல ஆகிவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த சென்சாருக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். கே வகை என்றால் உள்ளே இரண்டே கம்பிகள்: குரோமெல், அலுமெல். இரண்டும் நிக்கல் கலவைகள். நுனியில் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள், அதற்கு மேல் உலோக உறை. பேட்டரி கிடையாது. சூடு பட்டால் தானே மின்னழுத்தம் தரும், ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்.

அந்த மின்னழுத்தம் எங்கே பிறக்கிறது? பட்டறையில் யாரைக் கேட்டாலும் நுனியில், பற்றவைத்த இடத்தில் என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நுனியில் பிறப்பது ஒன்றுமே இல்லை.

ஒரு கம்பியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால், உள்ளே திரியும் எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாக நகர்ந்து குவியும். அந்தக் குவியல் மேலும் வருவதைத் தடுக்கும் அளவுக்கு வளர்ந்ததும் நின்றுவிடும். அதுதான் மின்னழுத்தம். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது உலோகத்துக்கு உலோகம் வேறு. குரோமெலில் ஒரு திசை, அலுமெலில் எதிர்த்திசை. இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், மீட்டருக்கு ஒன்றும் மிஞ்சாது.

பால்மரக் காட்டில் மேட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சரிவு இருக்கிற இடத்தில்தான் உயரம் கூடும், சமதளத்தில் எத்தனை மைல் நடந்தாலும் கூடாது. புகைக்குள் இருக்கும் நுனி முழுக்க ஒரே சூடு, அது சமதளம். சென்சார் மேனிஃபோல்டின் சுவரைக் கடந்து வெளியே வரும் நாலைந்து சென்டிமீட்டரில்தான் 700 டிகிரி சடசடவென இறங்குகிறது. மீட்டர் படிக்கும் மின்னழுத்தத்தில் பெரும்பகுதி அங்கே, கம்பி நெடுகப் பிறக்கிறது. நுனியின் வேலை இரண்டு கம்பியையும் ஒரே சூட்டில் கைகோக்க வைப்பது மட்டும்.

1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் என்ற இயற்பியலாளர் இதை முதலில் கண்டபோது அவரிடம் இருந்தது ஒரு திசைகாட்டி முள். இரண்டு உலோகத்தை வளையமாகச் சேர்த்து ஒரு பக்கம் சூடாக்கினார், முள் திரும்பியது. சூடு உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று விளக்கம் தந்தார், அதிலேயே உறுதியாகவும் நின்றார். மின்சாரம்தான் என்று புரிந்துகொண்டு வெப்பமின்சாரம் என்று பெயர் வைத்தவர் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட். விளக்கம் தப்பினாலும் பார்த்ததை அப்படியே எழுதிவைத்த நேர்மைக்காக சீபெக் மேல் எனக்குத் தனி மரியாதை.

பார்த்து எழுதிவைக்கும் அந்த ஆராய்ச்சிப் பழக்கத்துக்கு நம் ஊரிலும் ஒரு காலம் காசு செலவழித்தார்கள். 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பணம் வந்தது ஏற்றுமதி ரப்பருக்குப் போட்ட தீர்வையிலிருந்து. விடியலில் உளி எடுத்துப் போன நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் அது. அவர்கள் உழைப்பில் வளர்ந்த ஆராய்ச்சியின் பங்கு, இன்று தொழிற்கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளின் ஆய்வுக்கூடத்துக்கும் வர வேண்டும் என்று நான் உரக்கவே சொல்வேன். ஒரு தெர்மோகப்பிள் மீட்டர் பெரிய விலையில்லை.

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. சென்சாரின் வயர் டேஷ்போர்டு வரை எட்டவில்லை என்று, எஞ்சின் பக்கத்திலேயே வெட்டி சாதாரணச் செம்பு வயரை ஒட்டுவார்கள். அந்த ஒட்டு 80 டிகிரியில் இருக்கிறது, மீட்டர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள 50 டிகிரிச் சரிவில் குரோமெலும் இல்லை, அலுமெலும் இல்லை. இரண்டு பக்கமும் செம்புதான், ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். புகை 700-இல் இருக்கும்போது மீட்டர் 650 காட்டும். ஓட்டுநர் நிம்மதியாக மிதிப்பார். நீட்டுவதானால் கே வகை வயரிலேயே நீட்டுங்கள், நிறம் பார்த்து, இரண்டு கம்பியும் இடம் மாறாமல்.

உங்கள் கோட்டிங் இங்கே ஒரு நல்லதும் செய்கிறது. நுனி எப்போதும் புகையைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும், ஏனென்றால் தன்னைச் சுற்றியுள்ள குளிர்ந்த சுவரைப் பார்த்து அது வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. கோட்டிங் சூட்டை வெளியே விடாததால் உள்சுவர் கூடுதல் சூட்டில் இருக்கும், வீச்சு குறையும், எண் உண்மைக்கு நெருங்கும். நுனி மட்டும் குழாயின் நடுவில் நிற்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எல்லா வயரையும் இணைத்துவிட்டு, நுனியைக் கொதிக்கிற கெத்தல் தண்ணீரில் விடுங்கள். 100-க்குப் பக்கத்தில் காட்டும். அப்படியே வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வந்து வயர் ஒட்டின் மேல் ஊதுங்கள். எண் அசையாமல் நின்றால் வயர் சரி. ஒட்டு சூடாக ஆக எண் கீழே இறங்கினால், நடுவில் யாரோ செம்பு போட்டிருக்கிறார்கள்.