குங்ஃபூ: சொல்லும் பொருளும், தமிழில் எப்படிச் சொல்வது?

வேலை மும்முரத்தில் இருக்கும் சீனர் ஒருவரைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் "மெய் கொங்ஃபு" என்று சொல்லக்கூடும். 'நேரமில்லை' என்று பொருள். நாம் குங்ஃபூ என்று எழுதுகிறோமே, அதே சொல்தான்.

சீனத்தில் இது இரண்டு எழுத்து. முதல் எழுத்தான 'கொங்'கின் இடப்பக்கம் 'வேலை'யைக் குறிக்கும் உருவும், வலப்பக்கம் 'வலிமை'யைக் குறிக்கும் உருவும் இருக்கின்றன. உழைப்பு, உழைப்பால் கிடைத்த பயன் இரண்டையும் அது குறிக்கும். 'ஃபு' என்றால் ஆள். ஒருவர் நேரத்தையும் உடம்பையும் கொடுத்துப் பெற்ற தேர்ச்சிக்குத்தான் இந்தச் சொல். சமையல்காரருக்கும் தச்சருக்கும் தூரிகை பிடித்து எழுதுபவருக்கும் இது பொருந்தும். 12ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஜூ ஷி, மனத்தைப் பண்படுத்தும் அன்றாட முயற்சிக்கு இதே சொல்லைத்தான் ஆண்டார்.

தெற்குச் சீனத்தின் சாவ்ஜோ பகுதியில் 'கொங்ஃபு தேநீர்' என்றே ஒன்று உண்டு. சின்னஞ்சிறு மண்கெண்டியில் பாதிக்கு மேல் இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிடுவார்கள். பிறகு குட்டிக் கோப்பைகளின் மேல் கெண்டியைச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள். எல்லாக் கோப்பையிலும் ஒரே திடம் இருக்க வேண்டும். அந்தச் சுற்றுக்கு 'குவான் யூ நகர்வலம் வருகிறார்' என்று பெயர். கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்கொன்றாகப் பகிர்வது 'ஹான் ஷின் படையை எண்ணுகிறார்'. இரண்டு தளபதிகளின் பெயர் வந்தாலும் இங்கே சண்டை ஏதும் இல்லை. பொறுமையும் கைப்பக்குவமும்தான் கொங்ஃபு.

சரி, சண்டைக் கலைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஐரோப்பாவுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் பெய்ஜிங்கில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள். 1779இல் வெளிவந்த அவர்களுடைய குறிப்பில்கூட, தாவோ துறவிகள் நோய் தீர்க்கச் செய்யும் மூச்சுப் பயிற்சியும் உடல் நிலைகளுமே 'கொங்ஃபு' என்று சொல்லப்படுகின்றன. தெற்கே கான்டோனிய மொழி பேசுவோரிடம் சண்டைப் பயிற்சி என்ற பொருள் நன்றாக வேரூன்றியது. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங் படங்களும் புரூஸ் லீயும் அந்த ஒரு பொருளை மட்டும் உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

அதனால்தான் இந்த மரபை ஆவணப்படுத்த இறங்குபவர்கள் பழைய ஏடுகளில் 'கொங்ஃபு' என்று தேடினால் தத்துவத்தில் போய் நிற்பார்கள். சண்டைக் கலையைத் தேட வேறு பெயர்கள் வேண்டும். 16ஆம் நூற்றாண்டுத் தளபதி சீ ஜிகுவாங், தன் படைப் பயிற்சி நூலில் 32 நிலைகளைப் படத்தோடு விளக்கும் பகுதிக்கு 'ச்சுவான்', அதாவது கைமுட்டி, என்ற சொல்லை வைத்துப் பெயரிட்டார். 1928இல் நான்ஜிங்கில் அரசு தொடங்கிய மையக் கழகம் 'குவோஷு', நாட்டுக்கலை, என்றது. இன்றைய சீனத்தின் அதிகாரபூர்வச் சொல் 'வூஷு'. இதில் 'வூ' எழுத்து, காலடியும் ஈட்டி போன்ற ஆயுதமும் சேர்ந்தது. ஆயுதத்தை நிறுத்துவதே 'வூ' என்று பழைய வரலாற்று நூலான ஸுவோ ஜுவான் விளக்கம் சொல்கிறது. ஆயுதம் ஏந்தி நடப்பது என்பதே அதன் தொடக்கப் பொருள் என்பது எழுத்தாய்வாளர்கள் கருத்து. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

வழக்கறிஞராக இருந்து வரலாற்றாய்வாளரான டாங் ஹாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குருமார் சொன்ன கதைகளை அப்படியே ஏற்காமல், கல்வெட்டையும் ஏட்டையும் வைத்துச் சரிபார்த்தவர். போதிதருமர்தான் ஷாவோலின் கலையைத் தந்தார் என்ற கதையை 1930இல் வந்த தன் நூலில் மறுத்தார். நம்மூரில் பெருமையோடு சொல்லப்படும் கதை அது. ஆனால் போதிதருமரைத் தென்னிந்திய அந்தணர் என்று குறிக்கும் 7ஆம் நூற்றாண்டுச் சீன நூலில் சண்டைக் கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டினது. பெருமைக்காக ஆதாரத்தை வளைக்கக் கூடாது என்பதில் நான் டாங் ஹாவ் பக்கம்.

அப்புறம் 1983 முதல் 1986 வரை சீன அரசு நடத்திய கணக்கெடுப்பு சண்டைக் கலையில் 129 வகைகளை அடையாளம் கண்டது. ஹாங்காங்கிலோ 2012 முதல் மூத்த ஆசான்களின் அசைவுகளை மோஷன் கேப்சர் முறையில் பதிவு செய்துவருகிறார்கள். ஆசான் மறைந்தால் அவரோடு போய்விடும் நுணுக்கங்களைக் காப்பாற்றும் வேலை இது.

தமிழுக்கு வருவோம். ஊடகங்களில் 'தற்காப்புக் கலை' என்று எழுதுகிறோம். 'வூ' என்பதில் தற்காப்பு மட்டும் இல்லை, படையும் போரும் இருக்கின்றன. எனவே வூஷுவுக்குச் 'சீனப் போர்க்கலை' என்பதே பொருந்தும். வீரத்தைக் குறிக்கும் 'மறம்' சேர்த்து 'மறக்கலை' என்றாலும் நன்றுதான். தாய்ச்சி, விங் சுன் போன்ற தனி வகைகளின் பெயரை அப்படியே எழுதலாம். சிலம்பத்தை எந்த மொழியிலும் சிலம்பம் என்றுதானே எழுத விரும்புவோம்?

கொங்ஃபுவின் மூலப்பொருளுக்கு நம்மிடம் நல்ல சொல் உண்டு. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்ற ஔவையின் அந்தப் 'பழக்கம்' இதுவேதான். உழைப்பின் பயன் என்ற பக்கத்தைக் குறளின் "மெய்வருத்தக் கூலி" அப்படியே பிடிக்கிறது. உரைநடையில் 'பயின்ற தேர்ச்சி' என்று எழுதலாம்.

கலையின் பெயராக எழுதும்போது 'குங்ஃபூ' சரியான வடிவம். கான்டோனிய ஒலிப்புக்கு அது மிக நெருக்கம். நம் சொல் முதல் ககரத்தில் காற்று வெடிக்காது. சீனரின் ஒலியும் அப்படித்தான். 'குங்பூ' என்று ஆய்தத்தை விட்டு எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம்.