சிஸ்டம் டைனமிக்ஸ்: 'தொகுதி இயக்கவியல்' என்ற சொல்லும் ஒரு மலைக் கிராமத்தின் அறைக் கணக்கும்

சுற்றுலா அபிவிருத்தித் திட்டங்களில் 'சிஸ்டம் டைனமிக்ஸ் மொடல்' என்ற தொடர் வரும்போது, தமிழ்ப் பிரதி எழுதுபவர் 'அமைப்பு இயக்கவியல்' என்பார், 'முறைமை இயக்கவியல்' என்பார், சில வேளை 'மாறும் அமைப்பு மாதிரி' என்றும் போட்டுவிடுவார். பொருள் இதுதான்: காலத்தோடு மாறுகிற ஒன்று ஏன் அப்படி மாறுகிறது என்பதற்கு, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன, இழுக்கின்றன என்று சமன்பாடுகளாக எழுதி, ஆண்டாண்டாக ஓடவிட்டுப் பார்க்கும் முறை. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஆரூடம் சொல்வது அதன் வேலை இல்லை. இந்த விதியில் போனால் எங்கே முட்டும், விதியை மாற்றினால் முட்டு எவ்வளவு தள்ளிப்போகும் என்று காட்டும்.

'சிஸ்டம்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'சேர்ந்து நிற்பது' என்பது அதன் மூலப்பொருள். 'டைனமிக்ஸ்' என்பதன் வேர் 'டுனமிஸ்', அதாவது ஆற்றல். இரண்டையும் ஒட்டித் துறைப் பெயராக்கியது அமெரிக்காவில். ஜே ஃபொரெஸ்டர் என்ற மின்பொறியியலாளர் 1956இல் எம்.ஐ.டி.யின் முகாமைத்துவப் பள்ளிக்கு மாறினார். கென்டக்கியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் வீட்டு உபகரணத் தொழிற்சாலைகளில் ஒரு காலம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடும், சில ஆண்டு கழித்துப் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சந்தைதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஃபொரெஸ்டர் பென்சிலும் கொப்பித் தாளும் வைத்துக் கணக்குப் போட்டார்: சந்தையில் கேள்வி ஒரே அளவில் இருந்தாலும், ஆட்சேர்ப்புக்கும் கையிருப்புக்கும் நிறுவனம் வைத்திருந்த சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப் போதும் என்று தெரிந்தது. 1961இல் அவர் எழுதிய நூலில் இதற்குப் பெயர் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்'. 1969இல் நகரங்களுக்கும் 1971இல் முழு உலகத்துக்கும் இதே முறையைப் பொருத்தினார். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு பழைய பெயர் பொருந்தவில்லை. 'சிஸ்டம்' உள்ளே வந்தது.

தமிழில் எதை எடுப்பது? 'அமைப்பு' தமிழ்நாட்டில் ஓடும். இலங்கையில் 'அமைப்பு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மகளிர் அமைப்பு, இளைஞர் அமைப்பு. 'அமைப்பு இயக்கவியல்' என்றால் சங்கம் நடத்தும் கலை என்று வாசிக்க இடமுண்டு. நம் பாடநூல்களில் 'சிஸ்டம்' எப்போதுமே தொகுதிதான்: சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, சூழற்றொகுதி. தமிழ்நாட்டுப் பிள்ளை 'செரிமான மண்டலம்' என்று படிப்பதை நம் பிள்ளை அப்படித்தான் படிக்கிறது. 'தொகு' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் ஆதலால், கிரேக்க மூலத்தின் 'சேர்ந்து நிற்றல்' இதில் அப்படியே இருக்கிறது. எட்டுத்தொகையின் தொகையும் இதே வேர். ஒரே தொல்லை, 'நுவரெலியாத் தொகுதி' என்றதும் தேர்தல் ஞாபகம் வரும். 'தொகுதி இயக்கவியல்' என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் போய்விடும். 'மொடல்' என்பதற்கு 'மாதிரியுரு' இருக்கிறது. வெறும் 'மாதிரி' என்றால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் தண்ணீர்ப் போத்தலும் அதுவேதான்.

பெயரைவிட உள்ளே இருக்கும் நான்கு சொற்கள் முக்கியம்: இருப்பு, பாய்ச்சல், பின்னூட்டம், சுணக்கம்.

இருப்பையும் பாய்ச்சலையும் விளக்கப் புத்தகங்கள் குளியல் தொட்டியைக் காட்டும். நமக்குப் பீலி போதும். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் ஒரு சீமெந்துத் தொட்டியில் விழுகிறது. கீழே குழாய் வழியாக லயங்களுக்குப் போகிறது. இந்த நிமிடம் தொட்டியில் நிற்கும் லீற்றர் இருப்பு. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் விழுகிறது, எத்தனை போகிறது என்பது பாய்ச்சல். கணக்கியல் படித்தவர்களுக்குக் 'காசுப் பாய்ச்சல்' பழக்கம் என்பதால் 'ஓட்டம்', 'பாய்வு' என்று புதிதாகத் தேடவேண்டியதில்லை. எது எது என்று சந்தேகம் வந்தால் அலகைப் பார்க்க வேண்டும். பாய்ச்சலில் 'ஒரு நாளைக்கு', 'ஓர் ஆண்டுக்கு' என்று ஒரு கால அளவு ஒட்டியிருக்கும், இருப்பில் இருக்காது. காலம் நின்றுவிட்டால் பாய்ச்சல் பூச்சியமாகும். தொட்டித் தண்ணீர் அப்படியே நிற்கும்.

சுற்றுலாவில் பெரிய பிழைகள் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் தொடங்குகின்றன. நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம், 2021இல் 1 இலட்சத்து 94 ஆயிரம், 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம். இவை எல்லாம் பாய்ச்சல்கள். பன்னிரண்டில் ஒரு பங்காக அது விழுந்தபோது எல்லவிலும் நுவரெலியாவிலும் கட்டிய அறைகள் கரைந்துவிடவில்லை, அவற்றுக்கு எடுத்த கடனும் குறையவில்லை. அறை, கடன், வேலைக்குப் பழகிய ஆள், நிலத்தடி நீர், ஊரின் பெயர் எல்லாம் இருப்புகள். மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். கிராமத்தின் தண்ணீரையும் கழிவுக் குழியையும் சுமை ஏற்றுவதும் வருகை எண்ணிக்கை அல்ல, எந்த இரவிலும் ஊரில் தங்கியிருக்கும் தலைகளின் இருப்பு. நாளுக்கு 300 பேர் வந்து 2 இரவு தங்கினால் 600 தலை. அதே 300 பேரை 3 இரவு தங்கவைத்தால், ரயிலில் ஒருவர்கூடக் கூடாமலேயே 900.

'ஃபீட்பேக்' என்பது ஒரு விளைவு சுற்றிவந்து தன் காரணத்தையே மாற்றுவது. அதற்குப் பின்னூட்டம், பின்னூட்டல் இரண்டும் உண்டு. பாடநூல் 'நேர்ப் பின்னூட்டல், மறைப் பின்னூட்டல்' என்று பிரிக்கும். ஆனால் கூட்டங்களில் 'நேர்' என்றதும் நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். படம் பரவி ஆள் வந்து, ஆள் வந்ததால் இன்னும் படம் பரவுவது நேர்ப் பின்னூட்டல்தான். குப்பை கூடி ஆள் குறைந்து, வருமானம் குறைந்து, அள்ளக் காசில்லாமல் மேலும் குப்பை கூடுவதும் நேர்ப் பின்னூட்டல்தான். அதனால் 'பெருக்கும் வளையம்', 'தணிக்கும் வளையம்' என்று சொல்வதே பாதுகாப்பு. தணிக்கும் வளையத்தைப் பார்க்க வேண்டுமானால் தொட்டிக்குள் கிடக்கும் மிதவை வால்வைப் பாருங்கள்: தண்ணீர் ஏற ஏற அது தானே வாயை மூடுகிறது.

நான்காவது சொல்லை வழக்கமாகத் தாமதம் என்பார்கள். இலங்கைப் பேச்சில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: சுணக்கம். தாமதம் யாரோ செய்த பிழைபோல ஒலிக்கும். சுணக்கம் வேலையின் இயல்பிலேயே இருக்கும் இழுபாடு. அத்திவாரம் வெட்டியதிலிருந்து முதல் விருந்தினர் படுக்கும் வரை இரண்டு ஆண்டு போகும் என்றால், அது யாருடைய சோம்பலும் இல்லை.

சுணக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கற்பனைக் கிராமத்தை எடுப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. 200 அறை. இரவுக்கு 160 அறை நிரம்புகிறது, கேள்வி ஆண்டுக்கு 10 வீதம் கூடுகிறது. விதி இதுதான்: 65 வீதத்துக்கு மேல் அறை நிரம்பினால், இருக்கும் அறைகளில் 30 வீதத்துக்குச் சமமான புதிய அறைகளைக் கட்டத் தொடங்குவார்கள், குறைந்தால் தொடங்கமாட்டார்கள். கட்டி முடிய 2 ஆண்டு.

தொடக்க ஆண்டில் நிரம்பல் 80 வீதம், 60 அறைக்கு அத்திவாரம். 1ஆம் ஆண்டு புதிய அறை எதுவும் திறக்கவில்லை, நிரம்பல் 88 வீதம். ஊரே உற்சாகம், இன்னும் 60. 2ஆம் ஆண்டு 260 அறை, 74 வீதம், மேலும் 78 தொடங்குகிறது. 3ஆம் ஆண்டு 320 அறை, 67 வீதம். கோட்டுக்கு மேலேதானே என்று 96. 4ஆம் ஆண்டு 398 அறை, 59 வீதம். எல்லோரும் கையை மடக்குகிறார்கள், ஆனால் சென்ற ஆண்டு தொடங்கிய 96 அறை வரிசையில் நிற்கிறது. 5ஆம் ஆண்டு 494 அறை, 52 வீதம். பயணிகள் ஓர் ஆண்டுகூடக் குறையவில்லை; ஆண்டுதோறும் 10 வீதம் கூடித்தான் வந்தார்கள். என்றாலும் அறைகளில் ஏறக்குறையப் பாதி காலி, வங்கித் தவணை முழுசாக இருக்கிறது. இந்த நேரத்தில் 'விளம்பரம் போதவில்லை' என்று ஒரு தீர்மானம் எடுக்கப்படும்.

இப்போது விதியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவோம். நிரம்பலைக் கணக்கிடும்போது இருக்கும் அறைகளோடு, கட்டுமானத்தில் நிற்கும் அறைகளையும் கூட்டி வகுப்பது. 1ஆம் ஆண்டு 176ஐ 260ஆல் வகுத்தால் 68 வீதம், தொடங்கலாம். 2ஆம் ஆண்டு 194ஐ 320ஆல் வகுத்தால் 61 வீதம், அனுமதி இல்லை. 3ஆம் ஆண்டு 67 வீதம், 96 அறைக்கு அனுமதி. 4ஆம் ஆண்டு மீண்டும் இல்லை. 5ஆம் ஆண்டு முடிவில் 416 அறை, நிரம்பல் 62 வீதம். அதே பயணிகள், 78 அறை குறைவு. இதற்குக் கணினி நிபுணர் தேவையில்லை. பிரதேச சபையின் கட்டட அனுமதிக் கோப்பைத் திறந்து எண்ண ஒரு ஆள் தேவை. கட்டுமானத்தில் நிற்பதும் ஓர் இருப்பு என்பதை மறந்ததுதான் முதல் விதியின் முழுக் குற்றம்.

தண்ணீர்ப் பிரச்சினை இதனால் தீராது, ஏனென்றால் தங்குபவர் தொகை மாறவில்லை. நிரம்பிய அறைக்கு 2 பேர், ஆளுக்கு 250 லீற்றர். ஊரில் 1,500 பேர், ஆளுக்கு 80 லீற்றர். வரட்சியில் ஊற்று நாளுக்கு 240,000 லீற்றர் தருகிறது, தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவு 500,000. 4ஆம் ஆண்டுத் தேவை 237,000, தப்பிவிட்டோம். 5ஆம் ஆண்டு 249,000, நாளுக்கு 9,000 பற்றாக்குறை. நிரம்பிய தொட்டி வற்ற 55 நாள் எடுக்கும். வரட்சி 50 நாளில் முடிந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது; தண்ணீர் போதும் என்றே அறிக்கை எழுதப்படும். அடுத்த ஆண்டு பற்றாக்குறை 21,700. தொட்டி 23 நாளில் வெறுமை, பிறகு பவுசர். ஓர் ஆண்டுக்குள் 'போதும்' என்பது 'இல்லை' ஆகிவிடுகிறது.

ஊவாப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மை. அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். ஐரோப்பியரின் கோடை விடுமுறையும் ஜூலை, ஓகஸ்ட். ஊற்று மெலியும் மாதத்தில் அறை நிரம்புகிறது. ஆகவே ஆண்டுச் சராசரி மழையை வைத்து ஓட்டும் மாதிரியுரு எப்போதும் பச்சை விளக்குத்தான் காட்டும். காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னே நகரும் கால இடைவெளி, ஒரு மாதம், முடிந்தால் ஒரு வாரம் இருக்க வேண்டும். நிலத்தடி நீரும் ஒரு தொட்டிதான், மூடி தெரியாத தொட்டி. ஆற்று நீரைத் திருப்பும் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பாயத் தொடங்கியதும் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பலர் வரைய மறக்கும் ஒரு வளையம் தோட்டத்துக்குள் ஓடுகிறது. பயணி பார்க்க வருவது பச்சை மலை. அந்தப் பச்சையைச் சீராக வைத்திருப்பது ஏறக்குறைய 7 நாளுக்கொரு தடவை கொழுந்து எடுக்கும் கையும், சில ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து வெட்டும் கத்தியும். ஹோட்டலும் ஓட்டோவும் கூடுதல் வருமானம் தரும்போது இளசுகள் தோட்டத்தில் பேர் பதிவதில்லை. அது அவர்களின் உரிமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் அது தோட்டத் தொழிலாளர் இருப்பிலிருந்து ஒரு வெளிப்பாய்ச்சல். கை குறைந்தால் தூரத்து மலையைக் கைவிடுவார்கள். தேயிலை மரமாக ஓங்கும், மானாப்புல் ஏறும். சில ஆண்டுச் சுணக்கத்துக்குப் பிறகு படம் எடுக்க வந்தவருக்குக் காடுதான் தெரியும். சுற்றுலா தன் சரக்கைத் தானே தின்னும் தணிக்கும் வளையம் இது. நாட்கூலியையும் வீட்டுரிமையையும் சுற்றுலா மாதிரியுருவின் எல்லைக்கு வெளியே வைத்தால் இந்த வளையம் கண்ணில் படாது.

1980இல் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் வரைந்த வளைகோடு, ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டு, வளர்ந்து, தேங்கி, சரிவதைக் காட்டும். அழகான கோடுதான். எந்த விதியை மாற்றினால் கோடு வளையும் என்று அது சொல்லாது. அந்த வேலைக்குத்தான் இந்த முறை.

செய்யும்போது வழக்கமாகக் கெடும் இடங்கள் சில. அம்புக்குறி போட்ட வளையப் படத்தோடு நிறுத்திவிடுவது முதலாவது. எண் ஏறாத படத்தில் எல்லா வளையமும் சம பலம் போலத் தெரியும். தொட்டி வற்றிய பிறகும் வெளிப்பாய்ச்சல் தொடர்ந்து, இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போவது இன்னொன்று. வெளியே போவது இருப்பதைத் தாண்டாதபடி சமன்பாட்டில் கட்டவேண்டும். காலப்படியை ஓர் ஆண்டாக வைத்து, ஒரு மாதச் சுணக்கத்தை உள்ளே போட்டால் கணக்கே துள்ளும். மிகக் குறுகிய சுணக்கத்தில் கால் பங்குக்கு மேல் படி போகாமல் இருக்கட்டும். 2010 முதல் 2018 வரையான வளர்ச்சியை மட்டும் கொண்டு எண்களைப் பொருத்தியவர்கள், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பையும் பெருந்தொற்றையும் எதிர்பார்க்கவில்லை என்பதைவிட, வருகை விழும்போது ஊர் எப்படி நடக்கும் என்ற விதியையே எழுதாமல் விட்டார்கள் என்பதே குறை. அதைப் பிடிக்க ஒரு சோதனை போதும்: வருகையைப் பூச்சியமாக்கி ஓட்டுங்கள். அப்போதும் புதிய அறை கட்டப்பட்டால் மாதிரியுரு பிழை. ஊற்றைப் பூச்சியமாக்குங்கள். விருந்தினர் அப்போதும் குளித்தால் பிழை.

வென்சிம், ஸ்டெல்லா போன்ற மென்பொருள்கள் உண்டு. மேலே போட்ட அறைக் கணக்குக்கு எக்செல் தாளில் ஏழு நிரல் போதும். தரவு கேட்டுப் போகவேண்டிய இடங்கள் மூன்று: அனுமதிக் கோப்புக்குப் பிரதேச சபை, சரிவில் எவ்வளவு கட்டலாம் என்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை, அறை நிரம்பலுக்கு விடுதிக்காரரின் பதிவேடு. ஊற்றின் அளவு மட்டும் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. 20 லீற்றர் வாளி ஒன்றும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு, ஓகஸ்ட் மாதத்தில் வாரம் ஒருமுறை பீலியடிக்குப் போகவேண்டும். வாளி 7 விநாடியில் நிரம்பினால் அந்தப் பீலி நாளுக்கு ஏறக்குறைய 247,000 லீற்றர் தருகிறது. 8 விநாடி ஆனால் 216,000.