இரவல் கம்பியும் பூஜ்யம் காட்டிய மீட்டரும்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பழுது பார்க்கச் சென்றிருந்தோம். என் உதவியாளர் மூன்று பேஸையும் மல்டிமீட்டரில் அளந்துவிட்டு, "சப்ளை இல்லைங்கண்ணே" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்தார். எனக்கு ஏனோ மனம் ஒப்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. வேறு மீட்டரால் அளந்தபோது 415 வோல்ட்டுக்குக் குறைவில்லை.

அவருடைய மீட்டரில் கோளாறு ஏதுமில்லை. அதனோடு வந்த அளக்கும் கம்பி அறுந்துபோனதால், வேறொரு மீட்டரின் கம்பியை எடுத்துச் செருகியிருந்தார். அக்கம்பியில் மீட்டருக்குள் செருகும் உலோக முனையான பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை இருந்தது. மீட்டரின் சாக்கெட்டில் அந்த உறை இறங்குவதற்கான பள்ளமோ ஆழம் போதாதது. உறை பாதியில் முட்டி நின்றுவிட்டதால், அந்தப் பின் உள்ளிருக்கும் உலோகத்தைச் சரியாகத் தொடவில்லை. பெரும்பாலான மீட்டர்களில் பின்னின் விட்டம் 4 மில்லிமீட்டர்தான் என்பதால், எதை எதில் செருகினாலும் பொருந்தும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நீளமும் உறையின் அளவும் ஒன்றுபோல இருப்பதில்லை.

உறையில்லாத பழைய பின் எந்தச் சாக்கெட்டிலும் எளிதாக ஏறிவிடும், ஆனால் அதன் ஆபத்து வேறு வகையானது. அளக்குமிடத்தில் வைக்கும் புரோப் முனை பேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மறுமுனைப் பின் மீட்டரிலிருந்து நழுவினால், பேஸ் மின்சாரம் முழுவதும் அந்தத் திறந்த பித்தளையில் நிற்கும். உறை என்பது அதற்காகத்தான். செருக வசதியில்லை என்று அதைப் பிளேடால் சீவி எடுக்கும் வழக்கத்தை நான் கடைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

எந்த இடத்து மின்னெழுச்சி வரை தாங்கும் என்பதைக் காட்டும் பாதுகாப்பு வகையாக மீட்டரின் முகப்பில் கேட்டகரி 3, 600 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், கேட்டகரி 2 கம்பியைச் செருகிய கணமே அந்த மொத்த அமைப்பும் கேட்டகரி 2 ஆகிவிடுகிறது. பிளக்கில் மாட்டும் மிக்ஸி, கிரைண்டரை அளக்க அது போதும். மெயின் போர்டுக்கும் மோட்டார் பேனலுக்கும் போதாது, ஏனெனில் அங்கே சில மைக்ரோ விநாடிகளே நீடிக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுச்சி வரக்கூடும். கேட்டகரி 3, 4 கம்பிகளில் புரோப் முனையின் திறந்த உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐ.இ.சி. எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61010-031 தரநிலை கூறுகிறது. விலை மலிவான கம்பியில் 1000 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

கடலூர் முதுநகர்க் கடற்கரையோரம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் பின்னின் மேல் பச்சைக் களிம்பு ஏறி, பொருத்தமான கம்பியே பொருந்தாதது போல நடந்துகொள்ளும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, மீட்டரை மின்தடை அளக்கும் ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் அரை ஓமுக்குள் நிற்க வேண்டும். பின்னை லேசாக அசைக்கும்போது எண் தாவினால் அக்கம்பியை ஒதுக்கிவிடுங்கள். அதன் பிறகும், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் அளந்துவிட்டு, வேலைக்குரிய இடத்தில் அளந்து, மீண்டும் முதல் இடத்திலேயே அளந்து பாருங்கள். அன்று தோப்பில் கம்பத்தடி மெயினில் ஒருமுறை அளந்திருந்தாலே, அந்தக் கம்பியின் குட்டு அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.