நாடாப்புழு: சொல் விளக்கம்

மலேசியாவின் பந்திங் பாசாரில் திருக்கையை வெட்டும்போது குடலை வாளியில் எறிந்துவிடுவார்கள். அசாம் பெடாஸ் என்னும் புளிக்குழம்புக்குச் சதை வாங்க வந்தவர் குடலை ஏன் பார்க்கப்போகிறார்? அதைப் பிளந்தால் உள்ளே சுழற்படிக்கட்டுப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். சுறாவுக்கும் திருக்கைக்கும் உரிய இந்தச் சுருள்குடல்தான் கடல் நாடாப்புழுக்கள் பலவற்றுக்கு வீடு.

தோட்டத்துப் பேச்சில் குடலில் நெளிவதெல்லாம் ‘பூச்சி’. வயிற்றுப்பூச்சி, பூச்சி மருந்து என்றே பாட்டிமார் சொல்வார்கள். வைத்தியர்கள் ‘கிருமி’ என்றார்கள். வடமொழியில் அதற்குப் புழு என்றே பொருள். இன்று அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்குப் பெயராகிவிட்டது. ‘நாடாப்புழு’ பாடநூல் தந்த சொல். இதிலுள்ள நாடா இந்துஸ்தானி வழி வந்தது. பாவாடையில் கோத்து இடுப்பில் முடிவதும் அதுதான். 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் நாடாப்புழுவுக்கு ஆண்ட ‘டீனியா’வுக்கும் நாடா என்றே பொருள். இவ்வகுப்பின் அறிவியல் பெயரான ‘செஸ்டோடா’வோ இடைக்கச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. கிரேக்கரும் நாமும் இடுப்பில் வந்து சந்தித்திருக்கிறோம்!

நாடா பிறமொழிச் சொல்லாயிற்றே, ‘பட்டைப்புழு’ என்றால் என்ன? தட்டைப்புழுவோடு குழம்பும். தட்டைப்புழு என்பது பெருந்தொகுதி. நாடாப்புழு அதில் ஒரு வகுப்பு. ‘கச்சைப்புழு’ காதுக்கு இனிமைதான், ஆனால் கேட்டவருக்கு விளங்காது. நாடாவே இருக்கட்டும்.

இத்தனைக்கும் திருக்கைக் குடலில் கிடைப்பவற்றுள் பலவும் ஒருசில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. அவற்றுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. உடலின் மேற்பரப்பாலேயே உணவை உறிஞ்சுகின்றன. வாயில்லாத இந்தப் பிராணிக்கு ‘ஒட்டுண்ணி’ என்று பெயர் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

புதியதொன்றை அடையாளம் காண்பவர் முதலில் பார்ப்பது ‘ஸ்கோலெக்ஸ்’ எனப்படும் முன்முனையை. கண்ணும் வாயும் இல்லாத அதைத் தலை என்பதைவிடப் ‘பற்றுத்தலை’ என்பது பொருந்தும். குடற்சுவரைப் பற்றுவதே அதன் வேலை. சிலவற்றில் உறிஞ்சிகள், சிலவற்றில் கொக்கிகள். ‘டிரைப்பனோரிங்கா’ வரிசையில் கொக்கி நிறைந்த நான்கு நீட்சிகள் இருக்கும். அந்தப் பெயரைத் தமிழில் ‘துளைமூக்கி’ எனலாம். புழுவுக்குச் சாயமேற்றி, ஒளி ஊடுருவும்படி தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பொருத்திய பிறகு கணக்கு தொடங்குகிறது: உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் எத்தனை விரைகள், இனப்பெருக்கத் துளை பக்கவிளிம்பில் எந்த உயரத்தில். பற்றுத்தலையின் நுண்மயிர்களைக் காண மின்னணு நுண்ணோக்கி வேண்டும். இப்போது மரபணு வரிசையையும் ஒப்பிடுகிறார்கள்.

ஒரு புழு பெரும்பாலும் ஒரே வகைத் திருக்கையில்தான் வாழும். எனவே மீனின் பெயர் பிழைத்தால் புழுவின் கணக்கும் பிழைக்கும். போர்னியோத் தீவிலுள்ள சபா, சரவாக் கடல்களின் சுறா, திருக்கைப் புழுக்களை ஆராய்ந்த ஜனீன் கைரா, கிர்ஸ்டன் ஜென்சன் குழுவினர் மீன்களையே முதலில் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இங்கே ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்குச் ‘சிற்றினம்’ என்பதே நல்லது. மலேசியாவில் ‘இனம்’ என்றால் பாரத்தில் நிரப்பும் மலாய், சீனர், இந்தியர்தான் நினைவுக்கு வருவார்கள். புதிய சிற்றினத்தை அறிவிக்கும்போது பெயரைத் தாங்கும் மாதிரியையும் குறிப்பிட வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. அது ஒற்றை மாதிரியானால் ‘ஹோலோடைப்’ எனப்படும். அதற்கு ‘மூலமாதிரி’ என்பது பொருத்தமான சொல். போர்னியோத் திருக்கைப் புழுக்கள் பலவற்றின் மூலமாதிரிகள் மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.