குதிரையில் ஏறுவதற்கு முன்னால் அதன் லத்தியைப் பாருங்கள்

இரவு பதினொன்றரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. "டாக்டர், குதிரை படுக்குது, எழுந்திருக்குது, மறுபடி படுத்து உருளுது. வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது. உடம்பெல்லாம் வேர்வை."

வாங்கி நான்கே நாள் ஆன குதிரை. அழைத்தவர் மறுநாள் காலையில் முதன்முறையாக ஏறிப் பழகப் போகிறார். தெம்பாக இருக்கட்டும் என்று மாலையில் ஒரு வாளி நிறையத் தானியம் வைத்திருக்கிறார். நான் போனபோது நாடி நிமிடத்துக்கு 68, குதிரைக்கு இது மிக அதிகம். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, வலிக்கு ஊசி போட்டு, விடியும்வரை கூடவே இருந்தோம். பிழைத்துக்கொண்டது. இதே நிலையில் நான் இழந்த குதிரைகளும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்துத் தசை அவ்வளவு இறுக்கமானது. இத்தனை பெரிய உடம்பில் இரைப்பை மட்டும் சிறியது, ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அளவுக்கு மீறிய தானியம் உள்ளே புளித்து வாயு கட்டினால் மேலே வர வழியே இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல் வேண்டும். 20 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். புதுத் தீவனத்துக்கு மாற்றுவதானால் பழையதோடு கலந்து, 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள். தானியம் பல குதிரைகளுக்குத் தேவையே இல்லை.

காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் கீழே பாருங்கள். நலமான குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி, அதாவது சாணம், போடும். இரவு முழுக்கப் போடவில்லையென்றால், தீவனத்தைத் தொடவில்லையென்றால், முன்காலால் தரையைப் பறித்தால், அன்று சேணத்தைத் தொடாதீர்கள். தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். ஓய்வில் 28 முதல் 44 இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் நேரம் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் மனித வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

குளம்பைத் தினமும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் பார்க்கட்டும். டெட்டனஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். சிறு ஆணிக் காயம்கூடக் குதிரையைக் கொன்றுவிடும்.

இனி ஏறுவது. நேர் பின்னால் நிற்பவரைக் குதிரையால் பார்க்க முடியாது. பேசிக்கொண்டே தோள் பக்கமாக நெருங்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அது மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். வயிற்று வாரை இறுக்கிய பிறகு பத்தடி நடத்தி, மறுபடி சரிபாருங்கள். முதலில் மூச்சை இழுத்துப் பிடித்திருந்த குதிரை அதற்குள் தளர்ந்திருக்கும். ஹெல்மெட்டும், அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) பாதம் நழுவிப் போகாதபடி குதிகால் வைத்த ஷூவும் கட்டாயம்.

புதிதாக ஏறுபவர் பயந்ததும் கால்களால் விலாவை இறுக்கி, கைகளால் கடிவாளத்தை இழுக்கிறார். கால் 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. குதிரை எதைக் கேட்கும்? இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பல் இல்லாத வெறும் ஈறில் இரும்பு அழுந்துகிறது. இப்படிப் புண்ணான வாய்களுக்கு எத்தனையோ முறை மருந்து போட்டிருக்கிறேன், இன்னும் மனம் ஆறவில்லை. பயம் வந்தால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு அவ்வளவாக வலிக்காது. முதல் சில நாட்கள் பழகிய ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்தட்டும். நீங்கள் அதன் முதுகின் அசைவை மட்டும் கவனியுங்கள்.

அன்று அழைத்தவர் மூன்று வாரம் சேணம் போடவில்லை. காலையும் மாலையும் உடம்பைத் தேய்த்துவிட்டு, நாடி எண்ணி நோட்டில் குறித்து வந்தார். பிறகு ஒரு காலை போன் செய்தார்.

"டாக்டர், நாடி 36. லத்தி நல்லா போட்டிருக்கு. தண்ணி குடிச்சிடுச்சு. இன்னிக்கு ஏறலாமா?"

"ஏறுங்க. நடை மட்டும், இருபது நிமிஷம் போதும்."