நிறம் வெளுத்த தண்ணீர்

திருவொற்றியூரில் எங்கள் நீர்ச்சோதனைக் கூடத்துக்குச் சென்ற மாதம் எர்ணாவூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவுக்கு போர்வெல் தண்ணீர். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. "சார், நானோ பவுடர் போட்டு மொட்டைமாடி வெயில்ல வெச்சா சுத்தமாயிடும்னு போன்ல காட்றாங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்தக் காணொளி முழுப் பொய் அன்று. அதில் சொல்லும் பவுடர் டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் மீது ஒளி பட்டால் நீர் பிளவுபடுவதை ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1972-இல் வெளியிட்டார்கள். சுவர்ப் பெயின்டுக்கு வெண்மை தருவதும் இதே பொருள்தான். இதை 20, 25 நானோமீட்டர் துகள்களாக்கினால் ஒரே கிராமின் புறப்பரப்பு சுமார் 50 சதுர மீட்டர், அதாவது ஐந்நூறு சதுர அடி வீட்டின் தரையளவுக்கு வரும். அதன் மேல் புற ஊதாக்கதிர் படும்போது உண்டாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (எதிர்ப்படும் மூலக்கூறுகளை உடனே தாக்கும் துணுக்குகள்) சாயத்தையும் ஃபீனாலையும் சிதைத்து, போதிய நேரம் கிடைத்தால் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். ஆனால் அதற்கு வேண்டிய, 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் சூரிய ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். நம் ஊர் மே மாத வெயிலுக்கும் கணக்கு இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு போன்றவற்றை ஆய்வாளர்கள் நாடுவது இதனால்தான்.

ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர், மெத்திலீன் நீலக் கரைசலை இந்தப் பொடியோடு சேர்த்து வெயிலில் வைத்து வெளுக்கச் செய்து, இறுக மூடிய குப்பியில் பெருமையோடு கொண்டுவந்தார். மூடியைத் திறந்து குலுக்கினேன். நீலம் திரும்பி வந்துவிட்டது. சாயம் அழியவில்லை, குப்பியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவே. (அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.) நிறத்தை நம்பாமல் சி.ஓ.டி. (நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். கலங்கலில் ஒளி இறங்காது. எண்ணூர்க் கழிமுகத்தின் வழியே ஏறிவரும் உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தனி உறுப்புகளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். உப்பு குறையாது, ஈயம் போன்ற உலோகமும் அழியாது. போட்ட பொடியை வீட்டு வடிகட்டியால் முழுவதும் மீட்கவும் முடியாது; அதனால்தான் முறையான அமைப்புகளில் அதைக் கண்ணாடியின் மேல் பூசிவிடுகிறார்கள். நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்யும் உயிரிச் சுத்திகரிப்பு முடிந்து தெளிந்த ஆலைக் கழிவுநீரில், கடைசிக் கட்டமாக வைப்பதே இதற்கு உரிய இடம் என்பது என் கணிப்பு.

அந்த அம்மாவிடம், இந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். எளிதில் ஆவியாகும் எண்ணெயில் ஒரு பங்கு முக்கால் பாட்டிலின் காலி இடத்துக்கு ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பதால், கண்ணாடிக் குப்பிகள் இரண்டைத் தந்து, மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் வைத்து எடுத்துவரச் சொன்னேன்.