செத்த எதிரியைத் துரத்தும் ஏவுகணை

விளையாட்டில் சுடப்பட்ட எதிரி திரையிலிருந்து மறைந்துவிடுகிறான். நினைவகத்தில் அவன் இருந்த இடம் மறைவதில்லை. அடுத்து வரும் பொருளுக்குப் போய்விடுகிறது. வினோதமான கோளாறுகள் பலவும் இந்தக் கைமாற்றத்தில்தான் பிறக்கின்றன.

1996இல் வந்த சூப்பர் மரியோ 64, ஒரே நேரத்தில் 240 பொருள்களுக்குத்தான் இடம் வைத்திருந்தது. அது ஓடிய நிண்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியின் நினைவகமே 4 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிதாக இடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் திக்கித் திணறும். அதனால் தோட்டாக்களை முன்கூட்டியே செய்துவைத்துச் சுழற்சியில் பயன்படுத்துகிறோம்.

உணவங்காடி நிலையத்தில் மேசை எண்ணைச் சொல்லிவிட்டு, மீ கோரெங் வருவதற்குள் ஒருவர் எழுந்து போய்விட்டார் என்று வையுங்கள். தட்டு அதே மேசைக்குத்தான் வரும். அங்கே இப்போது உட்கார்ந்திருப்பவர் யார் என்று கொண்டுவருபவர் கேட்கமாட்டார்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர் இருவர் ஆடும் ஆட்டம் ஒன்றைச் செய்திருந்தார். அதில் இலக்கைத் துரத்தும் ஏவுகணை ஒன்று உண்டு. எதிரி நினைவகத்தில் 17ஆம் இடத்தில் இருந்தான். ஏவுகணை பாதி வழியில் போகும்போதே மற்ற ஆட்டக்காரர் அவனைக் கொன்றுவிட்டார். காலியான இடத்தில் ஒரு புதையல் பெட்டி வந்து அமர்ந்தது. ஏவுகணை நடுவானில் திரும்பி, ஆட்டக்காரருக்குப் பரிசாக வந்த பெட்டியைத் தகர்த்தது. இந்தக் கோளாறு எப்போதாவதுதான் வருகிறது என்று மாணவி சொன்னபோதே, காலியான இடத்தைப் பழைய எண்ணை வைத்து யாரோ தொடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இடத்தின் எண்ணோடு இன்னோர் எண்ணையும் சேர்த்தோம். இடம் கைமாறும்போதெல்லாம் அது ஒன்று கூடும். ஏவுகணையிடம் 17-3, இடத்தில் 17-4 என்றால் இலக்கு இப்போது இல்லை என்று பொருள். திருத்தம் நாலைந்து வரிகளுக்கு மேல் போகவில்லை.

1998இல் வந்த செல்டா விளையாட்டான ஒக்கரினா ஆஃப் டைமில் இந்தக் காவல் இல்லை. நாயகன் தூக்கிப் பிடித்த பொருள் நினைவகத்திலிருந்து நீங்கிய பிறகும், அதன் திசையையும் இருப்பிடத்தையும் ஆட்டம் பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும்படி செய்துவிடலாம். 2019 வாக்கில் ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, நேராக முடிவுக் காட்சிக்கே தாவினார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் இதே பிழை உலாவியில் இருந்தால் யாரும் கைதட்டமாட்டார்கள். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்றும், அவற்றில் பாதி விடுவித்த இடத்தைத் திரும்பத் தொடுபவை என்றும் 2020இல் அத்திட்டத்தினரே கணக்குக் காட்டினார்கள். நினைவகப் பிழையால் வரும் ஆபத்துக்கு விளையாட்டும் விலக்கல்ல. 2008இல் இன்னொரு செல்டா விளையாட்டின் சேமிப்புக் கோப்பில் குதிரையின் பெயரை அளவுக்கு மீறி நீட்டியே, நிண்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியில் வெளியார் நிரலை ஓட்டிக் காட்டினார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளம், வங்கிக் கணக்கு எல்லாம் திறக்கும் கணினியில், யாரோ முகம் தெரியாதவர் தந்த சேமிப்புக் கோப்பையோ ஆட்டத்தை மாற்றும் கோப்பையோ பிள்ளைகள் திறக்க விடாதீர்கள். புதுப்பிப்பு வந்தால் அன்றிரவே போட்டுவிடுங்கள்.